இடக்கை

அவள் உறங்குவது என் வலக்கையில் மட்டும்.
மூன்று மாதம். நான்கு கிலோ அறுநூறு.
தொட்டிலில் கிடத்தினால் முதுகுக்குத் தெரிந்துவிடும்.
சுகிர்தனுக்கு ஆசுப்பத்திரியில் நைட் டூட்டி.
ஆகவே கல்லடி உப்போடையில், இரவு ஒன்றரைக்கு,
என் வசம் இருப்பது ஒரு கை,
ஒரு கறுப்புத் திரை,
சம்மாந்துறை ஆலையொன்றின் தராசுக்கு எழுதிய நிரல்.

ஜவ்பர் காக்கா பகலில் அழைத்திருந்தார்.
"தங்கச்சி, நூத்தி இருவத்தேழு மூட்டை வரைக்கும்
நல்ல புள்ளையா எண்ணுது.
அடுத்ததை ஏத்தினா மைனஸ் காட்டுது.
நெல்லு கொண்டுவந்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த எண்ணைக் கேட்டதுமே நோய் தெரிந்துவிட்டது.
எந்த உறுப்பில் என்பதுதான் தெரியவில்லை.

டீபக்கரில் அடுத்த வரிக்குப் போக 'என்' விசை.
பெயர்தான் என்.
அது வலக்கையின் சொத்து.
என்டரும் அந்தக் கரையில்தான்.
எனக்கும் அதற்கும் நடுவே
ஒரு குழந்தை அகலத்துக்கு வாவி.

புள்ளியில் தொடங்கும் பெயருடைய,
கேட்டால் மட்டும் முகம்காட்டும்
சிறு கோப்பைத் திறந்து
ஒற்றைக் கையால் தட்டினேன்:
கொன்ட்ரோலுடன் டபிள்யூ, அடுத்த வரி.
ஈ, உள்ளே இறங்கு.
எஃப், இந்த வேலையை முடித்துக்கொண்டு வெளியே வா.
ஜீ, ஓடு.
ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் என்டரைக் கட்டிவிட்டேன்.
எஸ்ஸைத் தொடவில்லை, தொட்டால் திரை உறைந்துபோகும்.
சீயையும் விட்டுவைத்தேன்,
ஓடுவதை நிறுத்தவும் ஏதாவது வேண்டுமே.

டபிள்யூ கேட்கவில்லை.
அழுத்த அழுத்த, நான் எழுதியதையே விழுங்கிற்று.
முன்னால் நிற்கும் சொல்லை அழிப்பது
அதன் பழைய உத்தியோகமாம்.
டெர்மினல் விட்டுக்கொடுக்கவில்லை.
அரைமணிநேரம் தேடி இன்னொரு வரி சேர்த்தேன்,
பழைய எசமானை மதிக்காதே என்ற பொருளில்.
பிறகு கேட்டது.

பொய் நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றினேன்.
நூற்றிருபத்தைந்து.
நூற்றிருபத்தாறு.
கயலினி கனவில் எதையோ உதைத்தாள்.
என் சுண்டுவிரல் கொன்ட்ரோலில் காத்திருந்தது,
அவள் குதிகால் ஜீயில்.

இருநூறு மூட்டையும் ஏறி இறங்கிற்று.
இயல்பாக முடிந்தது என்றது திரை.
இயல்பாக!

ஜீயைக் கோப்பிலிருந்து எடுத்தேன்.
ஓடு என்பதை அவள் கால் எட்டாத மூலையில்,
ஏயில் வைத்தேன்.
முதலிலிருந்து. நிறுத்தம் நூற்றிருபத்தேழில்.
கோயில் மணிக்கும் பாங்குக்கும் இன்னும் நேரமிருந்தது
அது அகப்பட்டபோது.
பற்றுச்சீட்டு அச்சிடும் பகுதியில் ஒரேயொரு பைட்.
மூட்டை எண்ண இது போதும் என்று
எவரோ நினைத்திருக்கிறார்.

எழுதியவர் யாரென்று பார்த்தேன்.
நான்.
திகதியையும் பார்த்தேன்.
எனக்கு ஏழாம் மாதம், கால் வீக்கம்,
எதுவும் இதற்குமேல் பெருக்காது என்று
நம்பவேண்டியிருந்த கிழமை.

இப்போது அவள் தவழ்கிறாள்,
சார்ஜர் வயரை ருசி பார்க்கிறாள்.
வலக்கைக்கு வேலையில்லை.
மேசை விளிம்பில் அரைவட்டமாய் மடிந்து
நான்கு கிலோ அறுநூறைப் பிடித்தபடியே கிடக்கிறது.

போன வாரம் ரெஜினோல்ட் என் மடிக்கணினியில்
ஒரு சொல்லை அழிக்கப் பார்த்தான்.
நிரல் ஒரு வரி முன்னே போயிற்று.
"என்னக்கா இது, நீங்க இடதுகைக்காரியா?"

"ராவையில" என்றேன்.