ஏழு பீகா

ஜோத்பூர் வெட்டுக்கிளி அலுவலகத்தில் தொலைபேசி மூன்று,
பேசுவது இரண்டு.
தில்லியிலிருந்து வரைபடம் திங்கள்தான் வரும் என்றார் தன்வர் சாகிப்.
அதுவரை எனக்கு வாய்கள்தான்.

செவ்வாய் முழுக்க பார்மேர்க்காரர்கள்.
இருக்கிறது என்பதற்கு 'ஹை',
கம்பினுடைய வயல் என்றால் நடுவில் ஒரு 'ரோ'.
எங்கள் நாகௌர்ப் பேச்சுதான்,
மணல் கொஞ்சம் கூடுதல்.

வியாழன் மதியம் ராஜ்சமந்த் பக்கமிருந்து ஒருவர்:
ஹாத் பீகா போய்விட்டது.
கை என்று எழுதிவிட்டேன்.
அங்கே ஸகரம் நாக்கில் தங்காது,
வெறும் மூச்சாகிவிடும் என்பது
படிவம் பாதி நிரம்பிய பிறகே உறைத்தது.
ஸாத். ஏழு.
ஏழு பீகா நிலம் அரை நிமிடம்
என் பேனாவுக்குள்
ஒரு கையளவாய்க் கிடந்தது.

சனிக்கிழமை ஒரு பெண்.
ஊரைச் சொல்லவில்லை, ரூக்மா என்றாள்,
மிளகாய்ச் செடியில் காம்புதான் மிச்சம் என்றாள்.
'ஹை' போய்
அழுகைக்கு நடுவே 'ச்சை' வந்தது.

எழுந்துபோய்ச் சொன்னேன்:
கூட்டம் அஜ்மீரைத் தாண்டிவிட்டது சாகிப்.
யார் சொன்னது?
வினைச்சொல் மாறிவிட்டது.
வினைச்சொல்லை நம்பி மருந்து வண்டி அனுப்ப முடியாது என்று
கண்ணாடியைத் துடைத்தார்.

ஞாயிறு அந்தியில் கடைசி அழைப்பு.
பேச்சில்லை.
தட்டுகளை அடிக்கும் சத்தம், பல தட்டுகள்,
அதற்கும் மேலே
காய்ந்த ஓலை எரிவதுபோல் இறக்கைகள்.
ஹலோ, எந்த மாவட்டம்?
யாரோ இருமினார்கள்.
அந்த இருமலில் ஒரு 'கோ', ஒரு 'ரோ'
அகப்படுமா என்று
காதை அழுத்திக்கொண்டிருந்தேன்.