ஒன்றும் நடக்காத சனிக்கிழமை

தொலைபேசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
மழை தாங்குமா?
தாங்கும் என்பேன். மழை நல்ல பிள்ளை,
மேலிருந்து வரும், சரிவில் இறங்கிப் போகும்.
காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை,
நெப்ராஸ்காவில் பிறந்தவர்கள்கூட.

டெல்மர் ஹ்ரூஸ்காவும் கேட்கவில்லை.
மகள் கல்யாணம், இருநூறு பேர்,
சோளக்காட்டு ஓரம், மேற்கே ஒரு மரமில்லை.
நாற்பதுக்கு எண்பது அடி, வெள்ளைக் கூடாரம்.
முன்பணத்துக்குக் காசோலை,
அதன் மூலையில் கிரீஸ் கறை.

குழாய்க்காரர்கள் புதனன்று வந்து
புல்லில் மஞ்சள் கொடி நட்டுப் போனார்கள்:
அடியில் எரிவாயு.
மணப்பெண் ஆசைப்பட்ட இடத்தின் நட்டநடுவே
ஓடியது அந்தக் கோடு.
பதினெட்டு அடி தள்ளினோம். முகம் சுளித்தாள்.

மூன்றரை அடி இரும்பு முளை.
அப்திரிசாக் சம்மட்டி போட்டால் மண் பேசிவிடும்:
ணங் என்றால் களிமண், பிடிக்கும்.
தொப் என்றால்
போன வாரத்து மழை இன்னும் உள்ளே இருக்கிறது.
கிழக்கு மூலையில் தொப்.
நான் சொல்லுமுன்னே
அங்கே ஒன்றுக்கு இரண்டாய் அடித்தான்.
பிறகு ஒவ்வொரு பட்டையையும்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்,
பழம் வாங்குகிறவன் போல.

விதிகள் ஒரு தாளில் இருக்கின்றன,
பிளாஸ்டிக் உறை போட்டது, யாரும் வாசிக்காதது.
அடுப்பு உள்ளே கூடாது.
காற்று முப்பத்தெட்டு மைலைத் தொட்டால்
எல்லோரும் வெளியே.
அதன் கீழே டெல்மரின் கையெழுத்து,
டிராக்டர் தடம் போல ஆழமாய்.

சனிக்கிழமை, மாலை ஆறு. காற்று இருபத்திரண்டு.
மேற்கு வானம் கன்றிய தோலின் நிறம்.
"மூணு பக்கமும் திரையை இழுத்து மூடு, மார்லிஸ்.
மேற்கை மட்டும் விடு,
சூரியன் இறங்குறது படத்துல விழணும்."
அப்படிச் செய்தால் அது கூடாரமில்லை,
பாய் விரித்த கப்பல்.
இருநூறு பயணிகள்,
கடலோ ஆயிரம் மைல் தள்ளி.
முடியாது என்றேன். அவருக்குக் காது சிவந்தது.

இருபத்தொன்பது.
நடுக்கம்பத்தின் பாதம்
ஒரு விரற்கடை மேலே எழுந்து
மறுபடி உட்கார்ந்தது.
நான் மட்டும்தான் பார்த்தேன்.
இல்லை, வாசலில் நின்ற அப்திரிசாக்கும்.
தேநீரைப் புல்லில் ஊற்றிவிட்டு
என்னைப் பார்த்தான்.

முப்பத்தெட்டு வரட்டும் என்று நின்றால்
சக்கர நாற்காலி புல்லில் உருள
நேரம் எங்கே இருக்கும்?
பாடிக்கொண்டிருந்தவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.
"டிராக்டர் கொட்டகைக்குப் போங்க. இப்பவே.
தட்டைக் கையோட எடுத்துக்கலாம்."

போனார்கள்.
மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
கேக்கை நான்கு பேர் சப்பரம் போலச் சுமந்துகொண்டு,
ஒரு கிழவர் என்னைத் திட்டிக்கொண்டே
இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு.
டீசல் வாசனைக்கு நடுவே,
அறுவடை இயந்திரத்தின் படியில் ஏறி நின்று
மாப்பிள்ளையின் அண்ணன் வாழ்த்திப் பேசினான்.
நன்றாகவே பேசினான்.

முப்பத்து நான்கு. அதற்கு மேல் முள் ஏறவில்லை.
புயல் வடக்கே திரும்பி
வேறு யாருடைய சோளத்தையோ சாய்த்தது.
கூடாரம் நின்றது.
உள்ளே ஒரு பூச்சாடி மட்டும் விழுந்திருந்தது.

திங்களன்று டெல்மர் அழைத்தார்.
ஒன்றரை மணி நேரம் கொட்டகையில்.
மகள் அழுதாள். பாதிப் பணம் திரும்ப வேண்டும்.
"ஒண்ணும் நடக்கலையே?"
ஆமாம், ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.
கால் பங்கு கழித்தேன், பேரம் முடிந்தது.

அவரிடம் சொல்லாதது:
ஞாயிறு காலை முளை பிடுங்கும்போது
கிழக்கு மூலையில் முதலாவது
என் ஒரு கைக்கே வந்துவிட்டது,
சேற்றிலிருந்து முள்ளங்கி போல.
பக்கத்தில் இருந்த இரண்டாவதற்கு
ஜாக்கி வைக்க வேண்டியிருந்தது.