மூன்றும் ஏழும்

இரவு ஒன்பதிலிருந்து இது ஆறாவது முறை.
திரை நீலமாகி
பக்கவாட்டில் படுத்த ஒரு சோக முகத்தைக் காட்டி
ஏதோ பிரச்சினை என்கிறது.
என்ன பிரச்சினை என்றால்
எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியை உளறிவிட்டுச்
செத்துப்போகிறது.

முதலில் இடியைச் சந்தேகித்தேன்.
ரெலாவ் மலைக்குப் பின்னால் சாயங்காலம் இரண்டு விழுந்தன.
பிறகு, ரைஸ் குக்கரும் மின்விசிறியும்
ஒன்றாகத் தொங்கும் எக்ஸ்டென்ஷன் கட்டையை.
அதற்கும் பிறகு யோகேஸ்வரனை.
"நேத்து என்னமோ டவுன்லோட் பண்ணீங்களே?"
"பந்து மேட்ச்தான்" என்றார், கார் சாவியைத் தேடிக்கொண்டே.
அவருக்கு ராத்திரி ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

கீழ்க்கடை ரிட்சுவானுக்குப் படம் அனுப்பினேன்.
"ஃபார்மட் சாஜா லா, காக். எண்பது ரிங்கிட்."
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்குவதாம்.
எண்பது இருக்கிறது.
ஆனால் உள்ளே
பன்னிரண்டு பெண்களின் கூட்டுச் சீட்டும் இருக்கிறது.
யார் கட்டினாள், யார் எடுத்தாள்,
யார் பாதியைத் தந்து மீதிக்குச் சம்பள நாளைக் காட்டினாள்
எல்லாம் வெறும் நோட்பேடில்,
வரிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு தொகை.
ரசீது கிடையாது.
என் முகம்தான் ரசீது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
நான்கு வருடத் தூசி, சாம்பிராணி வாடை,
விசிறியடியில் வெந்து காய்ந்த ஒரு பல்லிக்குட்டி.
மன்னிப்புக் கேட்டு எடுத்துப் போட்டேன்.
ஐஷேடோ பிரஷால் இறக்கை இறக்கையாகத் துடைத்து
மறுபடி போட்டால்
ஏழாவது.

மிச்சமிருந்தது நினைவகம். இரண்டு பச்சைப் பட்டைகள்.
இவற்றை எனக்குத் தெரியும்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருடமாக
இவற்றின் முதுகில் ஒட்டப்போகும் கறுப்புச் சில்லுகளைத்தான் பார்க்கிறேன்.
தேறினால் வெள்ளைத் தட்டு, தேறாவிட்டால் சிவப்பு.
தலைக்கு மேல் பலகையில்
எங்கள் வரிசையின் எண்ணிக்கை ஓடிக்கொண்டேயிருக்கும்.
கழிப்பறைக்குப் போனால் அது மட்டும் நிற்கும்.

தங்கப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து
ஒவ்வொன்றாகச் செருகிச் சோதனையை ஓடவிட்டேன்.
முதல் பட்டை: இரண்டு மணி நேரம், ஒரு குறையும் இல்லை.
அடுத்தது: நான்காம் நிமிடம் ஒரு சிவப்பு வரி.
இன்னொன்று.
அப்புறம் மழைதான்.
கோடானுகோடி இடங்களில் ஏதோ ஓரிடத்தில்
சுழியைக் கொடுத்தாலும்
ஒன்று என்றே சாதிக்கிற ஒரு பிட்.

சில்லின் மேல் இருந்ததைப் போன் வெளிச்சத்தில் படித்தேன்.
எங்கள் கம்பெனி இல்லை.
நிம்மதியாக இருந்தது.
நிம்மதியானதற்கு வெட்கமாகவும்.

நாலரைக்கு, ஒற்றைப் பட்டையில்,
நொண்டி நொண்டி எழுந்தது.
கோப்பைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.
கோமளாதேவி, 700.

முந்நூறு என்று என் விரல்களுக்கு ஞாபகம்.
ஆறு ஐம்பது நோட்டுகள், ஒன்றில் பேனாக் கிறுக்கல்.
எழுநூறு என்று பெட்டிக்கு ஞாபகம்.
அதன் மொழியில்
மூன்றுக்கும் ஏழுக்கும் ஒரே ஒரு பிட்தான் தூரம்,
சுழி ஒன்றானால் போதும்.
சரி, பழியைப் போட்டுவிடலாம்.
ஆனால் தூங்காத இந்தத் தலையை
யார் செருகிப் பார்த்தார்கள்?

ஆறு மணிக்கு, ஃபேக்டரி பஸ்ஸில் இருந்தவளுக்கு அடித்தேன்.
"எவ்ளோ கட்டினேன்னு என்னையே கேக்கிறியா?
நீதானேடி எழுதினே!"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் பஸ்ஸின் இரைச்சல் மட்டும்.
"முன்னூறு. மிச்சத்த அஞ்சாந்தேதி தரேன்னேன்.
ஏன், கூடவா போட்டிருக்கே?"

ஏழை அழித்து மூன்றைத் தட்டினேன்.
சேமித்தேன். மூடித் திறந்து பார்த்தேன். மூன்றுதான்.
அப்புறமும் மனம் கேட்காமல்
பந்தய நாள்களில் குட்டிக் குதிரை போட்ட நாள்காட்டியில்
போன மாதத்தைக் கிழித்து
அதன் பின்பக்கம் பன்னிரண்டு பேரையும் எழுத உட்கார்ந்தேன்.

நான்காவது பெயரில் பேனா நின்றுபோனது.
உதறினேன்.
எழுதியது.