பன்னிரண்டு டிகிரி

மேட்டூரில் வாங்கிய முந்நூறு ஜிலேபிக் குஞ்சுகள்
காற்றடைத்த ஆறு பாலிதீன் பைகளில்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தன.
பதினாலாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன்.
அவை எடுக்கவில்லை.
அவருக்கு அதுதான் முதல் நம்பிக்கை.

மஞ்சக்குட்டையில் எங்களுக்கு ஒரு குட்டை
என்றால் ஊரே சிரிக்கிறது.
காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே
நாலடி தோண்டியதும் பாறை.
எட்டடி வேண்டும் என்று
எங்கோ படித்திருந்தார்.
பாறை படித்திருக்கவில்லை.
தார்ப்பாய் விரித்து நீர் நிரப்பினோம்.

ஐப்பசி வரை குறையொன்றுமில்லை.
தவிட்டு உருண்டை விழுந்த இடம்
உலைபோலக் கொதிக்கும், அத்தனை வாய்.
கார்த்திகை தீபத்தன்று பாதி உருண்டை மிச்சம்.
மார்கழி பிறந்தது,
முழு உருண்டையும் அப்படியே ஊறிக் கிடந்தது.

மகளுக்குக் காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரை
நூலில் கட்டி இறக்கினார்.
'லோ' என்றது.
மறுநாளும் 'லோ'.
முப்பத்திரண்டுக்குக் கீழே இருப்பதை
அது உடம்பென்றே ஒப்புக்கொள்வதில்லை.
பிலோமினா டீச்சரிடம் கெஞ்சி
பள்ளி ஆய்வகத்துக் குழாய் ஒன்று வாங்கி வந்தேன்.
பதினாலு.

மேட்டூருக்குப் போன் போட்டார்.
"இங்க சாகாது சார். மலைக்கு நாங்க வித்ததில்ல.
பன்னெண்டுக்குக் கீழ போனா சொல்லுங்க."
சொன்னா?
"நாங்களும் தெரிஞ்சுக்குவோம்."

உருக்காலையில் இருபத்தேழு வருடம்.
ஆயிரத்து இருநூறு டிகிரித் தகட்டை
நிறம் பார்த்தே சூடு சொன்ன மனிதர்.
விருப்ப ஓய்வு வாங்கி மலையேறி
இப்போது பதினாலுக்கும் பதின்மூன்றுக்கும்
டார்ச் அடித்துக் கண்ணைச் சுருக்குகிறார்.

விடிகாலை மூன்று மணிக்கு மோட்டார்.
பூமிக்கு அடிவயிற்றில் இன்னும் சூடு இருக்கிறது.
போர்த் தண்ணீர் விழ விழ ஆவி எழும்பும்,
அதற்குள் அவர் பாதிதான் தெரிவார்.
குட்டை மேல் சாக்கு, பாலிதீன்,
மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பந்தல் துணி.
எனக்குக் கம்பளி ஒன்று.
குட்டைக்கு மூன்று போர்வை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மார்கழியில் நானும் அதிகம் பேசுவதில்லை.

காப்பிப் பழம் பறிக்க வந்த பொன்னாயி
சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.
"இது எதுக்கு இங்க வந்துச்சு?"
குத்தலாக இல்லை, மழை வருமா என்பதுபோல்.
அவளுக்குக் கூலி எண்ணிக் கொடுத்துவிட்டு
கேள்வியை நான் வீட்டுக்குள் எடுத்து வந்தேன்.
அன்னதானப்பட்டியில் பிறந்தவள் நான்.
சித்திரை மத்தியானம் குழாய் திறந்தால்
கால் பொத்துப்போகும் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள்.

போகிக்கு முந்தின இரவு கரண்ட் இல்லை.
மோட்டார் ஓடவில்லை.
குழாயில் பதினொன்று.
காலையில் பந்தல் துணியை விலக்கினால்
வெள்ளை வெள்ளையாக வயிறு.
ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார்.
நாற்பத்தொன்று.
பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் குழி.
ஊரெல்லாம் பழையதைக் கொளுத்தும் புகை,
நாங்கள் புதியதைப் புதைத்தோம்.

முந்நூறில் நாற்பத்தொன்று போக
இருநூற்று ஐம்பத்தொன்பது என்றார்,
காலண்டரில் எழுதியும் வைத்தார்.
கழித்தல் சரி.
மிதந்தவைக்குத்தான் கணக்கு.
மிதக்காதவை இருக்கின்றனவா என்று
கலங்கல் பச்சைத் தண்ணீர் வாய் திறக்கவில்லை.
வலை வீசிப் பார்க்கலாமே என்றேன்.
"பயந்துடும்."

மாசி.
சில்வர் ஓக் உச்சியில் வெயில் உட்காரத் தொடங்கிவிட்டது.
தண்ணீர் சுட வைக்கும் ஏதோ கம்பி விலை கேட்க
அவர் சேலத்துக்கு இறங்கிப் போயிருக்கிறார்.
மிச்ச இட்லி ஒன்றைக் குட்டையில் போட்டேன்.
அரைமணி நின்றேன். ஒரு வளையமும் இல்லை.
துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால்
இட்லியில் ஒரு ஓரம் இல்லை.

தானாகக் கரைந்ததாகவும் இருக்கலாம்.
போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
இன்னொரு ஓரமும் போகட்டும்.