டோக்கன் எழுபத்தொன்று

செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் தரும்போதே
டிரைவர் சொல்லிவிட்டார்: ஒரு மணி நேரம்,
அப்புறம் உதயகிரி, தொட்டிப்பாலம், திற்பரப்பு,
இருட்டுமுன் கன்னியாகுமரி.

பத்மநாபபுரம் கொட்டாரத்தில்
சீன ஜாடிகளை ஓட்டமாய் எண்ணி
ஆளுக்கொரு கணக்கு சொன்னோம்.
ஊட்டுப்புரையில் தினம் இரண்டாயிரம் பேருக்குச் சோறாம்.
எங்கள் தக்காளிச் சாதம்
பூட்டிய வேனுக்குள் இன்னொருமுறை வெந்துகொண்டிருந்தது.
மூலிகைக் கட்டிலை எட்டிப் பார்ப்பதற்குள்
பின்னாலிருந்து தள்ளினார்கள்.
ராஜா எந்தப் பக்கம் தலைவைத்தார் என்று
கேட்க வாயெடுத்தவள் அடுத்த அறையில் இருந்தேன்.

நவராத்திரி மண்டபத்தில்தான்
மெற்றில்டா உட்கார்ந்துவிட்டாள்.
சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும்
குழைத்துத் தேய்த்த கருந்தரை.
வீங்கிய பாதம் இரண்டையும் நீட்டி
உள்ளங்கையைப் பதித்து
"யம்மா, என்ன குளிர்ச்சி" என்றாள்.

மண் தமிழ்நாடு, சாவி கேரளம்.
காவலாளி மலையாளத்தில் எழும்பச் சொன்னார்.
"எழும்ப மாட்டேன் அண்ணே" என்றாள் இவள் தமிழில்.
இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.
அவர் தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே ஹாரன். மறுபடியும் ஹாரன்.
இடுப்பில் செருகிய டோக்கனை
ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டு
நானும் உட்கார்ந்தேன்.