கிடாரி, நெற்றியில் வெள்ளை

பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் ஆபிஸ் அலமாரியில்
கரையான் தொடாத ஒரே புத்தகம்
துரைமார் காலத்து மாட்டுப் பேரேடு.
ரோஸி, அயர்ஷயர் இனம்.
கப்பலேறிய நாள். கொழும்பில் இறங்கிய நாள்.
மழையில் வண்டி தள்ளி மலையேற்றியவர் பன்னிரண்டு பேர்.
பன்னிரண்டுக்கும் பெயர் இல்லை,
கூலி மொத்தமாக இருக்கிறது.

மேசைக்கு முன்னால் சீரங்காயி.
பிரஜாவுரிமைப் படிவம் கேட்கிறது
அப்பன் பிறந்த தேதியை.
"தேதி யாருக்குங்க தெரியும்?
தொரையோட சீமை மாடு மொதக் கன்னு போட்ட ராத்திரியாம்.
எங்க தாத்தன் ஒச்சான் லாந்தரோட தொழுவத்துல.
லயத்துல பெத்தவ இருட்டுல."

புரட்டினேன்.
இருந்தது.
ஜூலை ஒன்பது, விடியற்காலை மூன்றேகால்.
கிடாரி, நெற்றியில் வெள்ளை,
எடை அறுபத்தெட்டு றாத்தல்.
தாய்க்குக் கொள்ளுக்கஞ்சி இரு வேளை.
அதன் கீழே, வேறு மையில்:
மாட்டுக்காரனுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு,
சொல்லாமல் லயத்துக்குப் போனான்.

அவன் எதற்காக ஓடினான் என்று
துரை எழுதவில்லை.

நகலெடுத்து முத்திரை குத்திக் கொடுத்தேன்.
கூடவே அட்டனுக்கும் போனேன்.
அதிகாரி இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கன்று இங்கேதான் பிறந்திருக்கிறது,
அதில் சந்தேகமில்லை" என்றார்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பஸ் வர நேரமிருந்தது.
காகிதத்தை நாலாய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்:
"அறுபத்தெட்டு றாத்தலா?
எங்கப்பன் எத்தன இருந்திருப்பாரு?"