மூன்று ஆணி

பொலிவியா, ஒருரோ தபால் நிலையம்.
சுவரில் அதிபர் படம் மாற்றுவது தொரிபியாவின் வேலை.

மீசைக்காரர் குழாயில் தண்ணீர் வரும் என்றார்.
குழாய் வந்தது.
சீருடைக்காரர் காலத்தில்
வெள்ளீயச் சுரங்கத்துக்குப் போன தம்பி
திரும்பி வரவில்லை.
அடுத்தவர் சிரித்தபடியே பதினோரு மாதம்.
கழற்றிய முகங்கள் மாடிப்படிக்கடியில்
துடைப்பத்தோடு சாய்ந்து கிடக்கின்றன.

இன்று நாலாவது.
கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைக்கிறாள்.
ஓட்டும் போட்டிருக்கிறாள்.
"இவராவது நிற்பாரா?"
தபால்காரர் கேட்கிறார்.
"ஆணி நல்ல ஆணி."

மாலையில் அவள் மண்டியிடும் அரசருக்குச்
சட்டமில்லை, கண்ணாடியில்லை.
மூன்று ஆணி.
மாற்றச் சொல்லித் தலைநகரிலிருந்து
கடிதம் வருவதில்லை.

தம்பிக்காக
இவரோடு மட்டும்தான்
இன்னும் சண்டை போடுகிறாள்.